பால்சா இறக்கை: பலம் வெப்பில் இருக்கிறது

பால்சா என்ற மிக லேசான மரத்தில் செய்த மாதிரி விமானத்தின், பறக்கும்போது ஒடிந்த இறக்கையை எடுத்துப் பாருங்கள். இறக்கையின் நீளவாக்கில் மேலும் கீழும் ஓடும் குச்சிகள்தான் ஸ்பார்கள்; பெரும்பாலும் மேல் ஸ்பார்தான் முதலில் போயிருக்கும். இறக்கை மேலே வளையும்போது கீழ் ஸ்பார் இழுபடுகிறது, மேல் ஸ்பார் நசுங்குகிறது. மரம் இழுவையைத் தாங்குகிற அளவுக்கு அழுத்தத்தைத் தாங்காது. அதற்காக ஸ்பாரைத் தடியாக்கினால் எடைதான் கூடும். இரண்டு ஸ்பார்களுக்கும் நடுவே வெப், அதாவது இரண்டையும் இணைக்கும் மெல்லிய தகடு, ஒட்டுவதே சரியான வழி.

1.2 மீட்டர் நீளம், 200 மி.மீ. அகலம் உள்ள ஒரு பயிற்சி விமான இறக்கைக்கு மேலும் கீழும் 6 மி.மீ. சதுரக் கெட்டி பால்சா, நடுவில் 1.5 மி.மீ. வெப் போதும். வெப்பின் இழை செங்குத்தாக நிற்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஷீட்டை நீளவாக்கில் அப்படியே வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். வளையும்போது இரண்டு ஸ்பார்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கப் பார்க்கும்; படுத்த இழை அப்போது நீளமாகப் பிளந்துவிடும். ரிப்புக்கு ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) தனித்தனித் துண்டாக வெட்டி, மேல் ஸ்பார், கீழ் ஸ்பார் இரண்டிலும் முழு நீளத்துக்கும் ஃபெவிகால் படும்படி ஒட்டுங்கள். ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் அந்தத் துண்டு வெறும் சுமை. நுனிப் பக்கம் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு வெப் தேவையில்லை.

ஷீட் வாங்கும்போது சின்னத் தராசு கையில் இருக்கட்டும். 1.5 × 100 × 915 மி.மீ. ஷீட் 14 கிராமும் இருக்கும், 27 கிராமும் இருக்கும். லேசானது ரிப்புக்கு, கனமானது ஸ்பாருக்கு. குறுக்கே வளைத்தால் எளிதில் வளைவது முன் விளிம்பைப் போர்த்த. வளையாமல் விறைத்து நிற்பது, மேற்பரப்பில் பளபளக்கும் புள்ளிகள் உள்ளது ரிப்புக்கு.

முன் விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் ஷீட் போர்த்தினால், அது வெப்போடு சேர்ந்து மூடிய குழாயாகிவிடும். முறுக்கைத் தாங்குவது அந்தக் குழாய்தான். இறக்கை பலகையில் குண்டூசியோடு இருக்கும்போதே மேல் ஷீட்டை ஒட்டி முடித்துவிடுங்கள். ஒருமுறை மூடிவிட்டால் உள்ளே இருக்கிற முறுக்கல் நிரந்தரம். நுனியில் பின் விளிம்புக்கு அடியில் 7 மி.மீ. கட்டை வைத்துக்கொண்டால் நுனியின் முன் விளிம்பு சுமார் 2 டிகிரி கீழ்நோக்கி இருக்கும். வேகம் குறையும்போது நுனி முதலில் சரியாது.

இறக்கையின் இரண்டு பாதிகளும் சேரும் நடு இணைப்புக்கு 3 மி.மீ. பிளைவுட்டும் எபாக்சியும். பிளைவுட்டின் முனையைச் சதுரமாக விடாமல் கூராகச் சீவுங்கள். சதுரமாக விட்டால், அது முடிகிற இடத்திலேயே ஸ்பார் ஒடியும்.