காயின் செல்லில் ஸ்பைக்கிங் நெட்வொர்க்: இதுவரை பார்த்தது

மேசை விசிறியின் அதிர்வைக் கவனித்து, ஓட்டம் மாறினால் மட்டும் ப்ளூடூத்தில் தகவல் அனுப்பும் சென்சார் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மூளையின் நரம்பு செல்களைப் போல இயங்கும் நியூரோமார்ஃபிக் சிப் வாங்கும் முன், அந்த வகைக் கணக்கு, அதாவது சிறு துடிப்புகளால் (ஸ்பைக்) பேசும் ஸ்பைக்கிங் நெட்வொர்க், சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிகளை இயக்கும் குட்டிக் கணினி சிப்) எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க ஆசை.

பலகையில் இருப்பவை: ப்ளூடூத் ரேடியோவும் சேர்ந்த மைக்ரோகன்ட்ரோலரான நார்டிக் என்ஆர்எஃப்52840, ஏடிஎக்ஸ்எல்362 அதிர்வு சென்சார், நாணய வடிவ சிஆர்2032 செல். மின்னோட்டம் அளக்க பவர் புரொஃபைலர் கிட் 2. தூங்கும்போது திரையில் கோடு தரையோடு கிடக்கிறது. ரேடியோ விழித்ததும் 5 மில்லி ஆம்பியர் பக்கம் செங்குத்தாக எகிறுகிறது. செல்லின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. ரேடியோவை ஓயாமல் ஓட்டினால் இரண்டு நாள்கூடத் தாங்காது. சராசரியை 20 மைக்ரோ ஆம்பியருக்குள் பிடித்தால் கணக்குப்படி ஒரு வருடம் தாண்டும். பேசாமல் இருப்பதில்தான் மிச்சம்.

ஸ்பைக்கிங் நெட்வொர்க்கை எஸ்என்என்டார்ச் என்ற பைதான் மென்பொருளில் பயிற்றுவித்தேன். அளவீடு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் மாறினால் ஒரு ஸ்பைக். நியூரான் அதைச் சேர்த்துக்கொள்ளும், நேரம் போகப் போகக் கசியவிடும், நிரம்பினால் தானும் ஒரு ஸ்பைக் விடும். இறக்கை ஒன்றில் டேப் துண்டு ஒட்டியதும் ஸ்பைக்குகள் நெருக்கியடித்து வந்தன.

ஆனால் சாதாரண சிப்பில் ஒரு சங்கடம். ஸ்பைக் வராவிட்டாலும் ஒவ்வொரு நேரப் படியிலும் எல்லா நியூரான்களுக்கும் கசிவைக் கணக்கிட வேண்டும். பிராசஸர் எங்கே தூங்குவது? அதனால் ஸ்பைக் வரும்போது மட்டும், இடையில் போன நேரத்துக்கான கசிவை அட்டவணையிலிருந்து எடுத்துப் பெருக்கும்படி மாற்றினேன். இப்போது நடுவில் நன்றாகவே தூங்குகிறது.

நியூரோமார்ஃபிக் சிப் இதையே வன்பொருளில் செய்கிறது. நினைவகம் நியூரான் பக்கத்திலேயே இருக்கும், நிகழ்வு வந்த இடம் மட்டும் வேலை செய்யும். 2014இல் ஐபிஎம்மின் ட்ரூநார்த் பத்து லட்சம் நியூரான்களை ஏறக்குறைய 70 மில்லி வாட்டில் ஓட்டியது. அது ஆய்வகச் சமாச்சாரம். சென்சார் பக்கம் குறிவைப்பவை பிரெயின்சிப்பின் அகிடா பிகோ, சின்சென்ஸின் ஸ்பெக், இன்னடேராவின் பல்சர் போன்றவை.

இந்தச் சிப்கள் விற்குமா? என் விசிறி விஷயத்தில், விற்காது. ஏடிஎக்ஸ்எல்362 வெறும் 270 நானோ ஆம்பியரில் அசைவைக் கவனித்து மற்றதை எழுப்பிவிடும். வரம்பு வைத்தாலே முடிகிற வேலைக்கு மூளை எதற்கு? தனி சிப் என்றால் அதற்கும் தூக்க மின்னோட்டம், பலகையில் இடம், விலை எல்லாம் சேரும். போதாக்குறைக்கு இன்டெலின் லோயிஹிக்கு லாவா, அகிடாவுக்கு மெட்டாடிஎஃப் என்று ஆளுக்கொரு மென்பொருள். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. ப்ளூடூத் சிப்புக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வந்தால்தான் இது பரவலாகும் என்று நினைக்கிறேன். பிரெயின்சிப் தன் வடிவமைப்பை மற்ற சிப் நிறுவனங்களுக்கு உரிமமாகவும் விற்பது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

மைக் கதை வேறு. கண்ணாடி உடைவதையும் கதவு அறைவதையும் பிரிக்க ஒலியளவு வரம்பு போதாது, காது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அடுத்து அதைத்தான் மாட்டப் போகிறேன். அதே பலகை, பக்கத்தில் ஒப்பிட ஸ்பைக் இல்லாத வழக்கமான வகையில் ஒரு சிறிய கன்வல்யூஷன் நெட்வொர்க்.