மலாக்காவில் ஒரு சாவி

ஒன்பது மணி பஸ் பத்தேகாலுக்குத்தான் கிளம்பியது. கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்கு இரண்டு மணி நேரம். வெயில் ஏறும் முன் சுற்றிவிடலாம் என்று போட்ட கணக்கு அங்கேயே கவிழ்ந்தது.

போர்த்துகீசியர் 1511இல் பிடித்து 130 ஆண்டுகள் ஆண்ட ஊர். ஆனால் எல்லோரும் நின்று படமெடுத்துக்கொள்ளும் சிவப்புக் கட்டடங்கள் பின்னால் வந்த டச்சுக்காரர்களுடையவை. போர்த்துகீசியர் கட்டிய கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியது ஒரு வாசல்தான். அதன் நெற்றியிலும் டச்சுக் கம்பெனியின் சின்னம், 1670 என்ற ஆண்டு. பழைய அண்டாவை வாங்கித் தன் பெயரை வெட்டிக்கொள்வோமே, அந்தக் கதை.

வாசலுக்குப் பின்னால் படியேறினால் குன்றின் உச்சியில் கூரையில்லாத மாதா கோயில். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவளுக்கு அங்கே ஒரு சொந்த வேலை இருந்தது. எங்கள் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்த சவேரியாரின் உடல், கோவாவுக்குப் போகும் முன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் கிடந்தது. குழியின்மேல் கம்பி அடித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன்: கொஞ்சம் சில்லறை, ஒரு பாட்டில் மூடி. வெளியே நிற்கும் அவருடைய வெள்ளைச் சிலைக்கு வலது கை இல்லை. மரம் விழுந்து முறிந்ததாம். கோவாவிலுள்ள உடலுக்கும் வலது முன்கை கிடையாது, 1614இல் ரோமுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "அதை ஒட்டிவைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையா?" என்று பதில் வந்தது.

மதியம் உஜோங் பாசிர். போர்த்துகீசிய வழிவந்த மீனவக் குடும்பங்கள் வாழும் குடியிருப்பு. கடலோரக் கடையில் டெபால் குழம்பு வாங்கினேன். கடுகும் வினிகரும் மிளகாயும் சேர்ந்த கோழிக் குழம்பு. கிறிஸ்துமஸுக்கு இவர்கள் வீடுகளில் கட்டாயம் உண்டாம். நம் ஊர்க் காரத்துக்குப் பழகிய நாக்கும் திணறியது. மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன். விளைவு, கழிப்பறைக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது.

கடைக்காரப் பெரியம்மா உள்ளே திரும்பிப் பேரனிடம், போர்த்துகீசியமும் மலாயும் கலந்த தங்கள் கிறிஸ்தாங் மொழியில் ஏதோ சொன்னார். அதில் "சாபி" மட்டும் பளிச்சென்று காதில் விழுந்தது.

"நாங்கள் சாவி என்போம்" என்றேன் மலாயில்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னலைக் காட்டினார். "ஜன்னல்" என்றேன். "ஜனேலா" என்றார். அலமாரிக்கும் துவாலைக்கும் மலாயிலேயே அல்மாரி, துவாலா இருக்கிறதே என்று நான் விரல் மடக்க, பெயர் என்ன என்று கேட்டார். பின்பாதி பர்னாந்து என்றதும், "அப்படியானால் நீ இந்தத் தெருக்காரிதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பேரன் சாவியோடு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தான். வந்த அவசரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.