பதினோரு மாதம் கழித்து மைனா மேல் ஏறினேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு என் குதிரை மைனாவின் முதுகில் ஏறி, கீழ்பவானி வாய்க்கால் கரையில் 22 நிமிடம் போய்விட்டு வந்தேன். வெறும் நடைதான். ஒரு எட்டுகூட ஓட்டமில்லை. வழியில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, குதிரை இன்னும் உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?” என்று கேட்டார். கேட்க மாட்டாரா, பதினோரு மாதமாக ஏறவே இல்லையே.

போன வருடம் இதே கரையில்தான் விழுந்தேன். திரும்பும்போது சேணம் அப்படியே இடப்பக்கம் உருண்டது, நானும் அதோடு உருண்டேன். தோளில் அடி, மூன்று வாரம் கை கழுத்துத் தூளியில். கை சரியானதும் மழை. மழை விட்டதும் நெல் அறுப்பு. அப்புறம் அம்மாவுக்குக் கண் அறுவை. அதன் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை, ஏறாமல் இருப்பதே பழகிவிட்டது. காலையில் லாயத்துக்குப் போவேன், தண்ணீர் வைப்பேன், சாணி அள்ளுவேன், சேணம் தொங்குகிற பக்கம் திரும்பாமல் வந்துவிடுவேன். ஆசையே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டு குதிரைக்கும் தீவனச் செலவு மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரம்மா மாதம் ஒரு தரம், “ஏங்க, கொள்ளு மூட்டை தீர்ந்துபோச்சு” என்பார். அந்த ‘ஏங்க’வில் எல்லாம் இருக்கும்.

கடைசியில் விற்றுவிடலாம் என்று ஒரு தரகரை வரச் சொன்னேன். மைனாவை ஆறு வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் பிடித்தேன். மார்வாரி இனம், உயரம் 60 இஞ்ச். தரகர் குச்சி வைத்து அளந்தார், பல் பார்த்தார், சுழி பார்த்தார். கூட வந்த பையன் சேணம் போட்டு, அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வாரை இழுத்தான். மைனா காதை ஒட்ட மடக்கிக்கொண்டு திரும்பி அவன் தோளைக் கவ்வப் பார்த்தது. “கடிக்கிற குதிரைக்கு விலை கம்மிதாங்க” என்று தரகர் ஒரு தொகை சொன்னார். ஆடு விலை. அனுப்பிவிட்டேன்.

அன்று லாடம் அடிக்க வந்திருந்த பாய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டக்குதிரை குண்டானின் பின்னங்காலை மடியில் வைத்தபடியே சொன்னார்: “அது கோவமில்லீங்க தம்பி, வலி. சேணத்தைக் கவுத்துப் போட்டு உள்ள பாருங்க.”

மார்வாரி வைத்திருப்பவர்களுக்குக் காதைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும். மைனாவுக்கு வாரைக் கையில் எடுத்தாலே அந்த நுனிகள் பிரியும். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னால் சாயும், இடது முதலில். வயிற்றை உப்பிக்கொள்ளும். விழுவதற்கு முன்னால் ஆறு மாதமாக இதைப் பார்த்திருக்கிறேன். திமிர் என்று நினைத்து, உப்பினால் முழங்காலால் ஒரு தட்டு தட்டி, அடுத்த ஓட்டைக்கு இழுத்திருக்கிறேன். இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடிக்காமல் போனது சவாரி இல்லை. அந்த இரண்டு நிமிடம், வாரை இறுக்குகிற அந்த இரண்டு நிமிடம்தான். தினமும் காலையில் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றால் யார் போவார்கள்?

சரி, சேணத்துக்கு வருகிறேன். முதுகின் வடிவத்தை எடுத்து, அட்டையில் வெட்டி, அதைச் சேணத்துக்கு உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். கேட்க எளிது. மூன்று நாள் போனது.

முதலில் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பி. கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற தோள்மேட்டின் மேல் அழுத்தி வளைத்து எடுத்தால், அட்டைக்குக் கொண்டுபோவதற்குள் அரை விரல் விரிந்துவிடுகிறது. அடுத்து அலுமினியக் கம்பி. அது விரியவில்லை, ஆனால் கை பட்ட இடமெல்லாம் நெளிந்தது. கோபியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வரைபடம் போடுகிறவர்கள் வாங்கும் வளையும் ஸ்கேல் கிடைத்தது, 60 சென்டிமீட்டர். வளைத்தால் வளைத்தபடி நிற்கும். இதை முதலிலேயே வாங்கியிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் சாக்பீஸில் முதல் கோடு. ஒரு சாண் பின்னால் அடுத்தது. சேணம் முடிகிற இடத்தில் மூன்றாவது. குதிரை நாலு காலிலும் சமமாக, தலையை நேராக வைத்து நிற்க வேண்டும். அது அசையாமல் இருக்கட்டும் என்று நான் முன்னால் வைக்கோல் போட்டேன். அது குனிந்து தின்றது. குனிந்தால் முதுகு மேலே எழும்பி வடிவமே மாறிவிடும் என்பது மூன்று அட்டையை வெட்டிய பிறகுதான் உறைத்தது. டிவி வந்த அட்டைப்பெட்டி அத்தோடு காலி.

நாலாவது அட்டை சரியாக வந்தது. சேணத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்தால், தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் காற்று. வலப்பக்கம் ஒரு விரல், இடப்பக்கம் இரண்டு விரல். வேலையில்லாத குதிரைக்கு முதுகுச் சதை வற்றிவிடும், அதனால் அகலம் கூடின சேணம்போல அது முன்னால் கவிழ்ந்து அழுத்துகிறது. ஆனால் இடப்பக்கப் பள்ளம் இந்த ஓய்வில் வந்தது மட்டுமில்லை. தோள்மேட்டில் அந்தப் பக்கம் ஐந்தாறு வெள்ளை முடி இருந்தது, பழைய அழுத்தத்தின் தழும்பு. இப்போது கணக்கு சரியாக வருகிறது. சேணம் பொருந்தவில்லை, அதனால் நகர்ந்தது. நகர்கிறதே என்று நான் வாரை இன்னும் இறுக்கினேன். வலித்ததால் மைனா வயிற்றை உப்பியது. ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் மூச்சை விட்டது, வார் தளர்ந்தது, நான் வாய்க்கால் கரையில் கிடந்தேன்.

புதுச் சேணம் வாங்கப் பணமில்லை. சதை திரும்பினால் மறுபடி அளவு மாறும், இப்போது வாங்குவதும் மடத்தனம். அதனால் சேணத்துக்கு அடியில் போடும் தடித்த விரிப்பான நம்தாவுக்குள் ஆப்பு வைத்தேன். முதலில் ஃபோம் ஷீட், ஒரே நாளில் அப்பளமாகிவிட்டது. அப்புறம் பழைய கம்பளி நம்தாவையே வெட்டி, இடப்பக்கம் இரண்டு அடுக்கு, வலப்பக்கம் ஒன்று. கயிற்றில் இருபது நிமிடம் வட்டம் விட்டு, சேணத்தைக் கழற்றி வியர்வையைப் பார்த்தேன். எல்லா இடமும் ஈரம், இடது தோளருகே மட்டும் பழைய ஒரு ரூபாய் காசு அளவு காய்ந்த வட்டம். அழுத்துகிற இடத்தில் வியர்க்காது. அடுக்கின் விளிம்பைக் கத்தியால் சீவிச் சரிவாக்கினேன். மூன்றாவது தடவை ஒரே சீரான ஈரம். அன்று காலை டீகூடக் குடிக்காமல் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வார் கதை தனி. கான்பூரிலிருந்து ஒரு கடையில் வரவழைத்தேன், 48 இஞ்ச் கேட்டால் 52 வந்தது. திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு நம்முடையதாம். கான்பூர் தோல் வேலையைக் குறை சொல்ல மாட்டேன், என் சேணமே அந்த ஊர்தான், பதினாலு வருடம் ஆகியும் தையல் விடவில்லை. அளவு நாடா மட்டும் அவர்களுக்கு யாராவது வாங்கிக் கொடுங்கள்.

இனி மைனாவை வாருக்குப் பழக்க வேண்டும். முதல் வாரம் அதன் முதுகில் வெறும் துணியைப் போட்டு எடுத்தேன். இரண்டாவது வாரம் சேணம், வார் இல்லாமல். அப்புறம் வார், முதல் ஓட்டையில் தொளதொளவென்று. பத்தடி நடத்தி ஒரு ஓட்டை. இன்னும் பத்தடி, எதிர்ப்பக்கம் ஒன்று. முழங்கை எலும்புக்கு நாலு விரல் பின்னால் வார் இருக்கிறதா என்று பார்த்து, முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னே இழுத்துவிட்டால் அடியில் மடங்கின தோல் நேராகிவிடும். இதைச் செய்யத் தொடங்கிய நாலாவது நாள் மைனா காதைப் பிரித்தது, சாய்க்கவில்லை. ஏழாவது நாள் கேரட் இருக்கிற சட்டைப் பையைத் தேடிற்று. எனக்கும் எட்டாம் நாள் அலாரம் அடிப்பதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டது.

கொள்ளுத் தீனியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். சும்மா நிற்கிற குதிரைக்கு முழுத் தீனி கொடுத்துத் திடீரென்று வேலை வாங்கினால் தொடைச் சதை கட்டையாக இறுகி நின்றுவிடும், தெரிந்தவர் குதிரைக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு மாதம் நடை மட்டும். மார்வாரிக்கே உரிய வேகமான ரேவல் நடை கேட்டு மைனாவே இரண்டு தரம் துள்ளிப் பார்த்தது, கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

குண்டான் பக்கம் இன்னும் போகவில்லை. பெயருக்கு ஏற்றபடி வயிறு வைத்துவிட்டது, அதற்கு 52 இஞ்ச் வாரே சரியாக இருக்கும்போல் தெரிகிறது. அண்ணன் மகள் விடுமுறைக்கு வரும்போது அதில் ஏற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. முதலில் அதன் முதுகையும் அளக்க வேண்டும், அட்டைப்பெட்டி வேண்டும். ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது என்று வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்திருக்கிறேன்.