முதல் வாரம் செம்மண், கான்செப்ட் அப்புறம்

சமகாலக் கலை வகுப்பு என்றதும் முதல் நாளே மாணவரிடம் ‘கான்செப்ட்’, அதாவது படைப்பின் மையக் கருத்தைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வருவார். பிறகு அந்த எழுத்துக்குப் படம் போடுவார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. முதல் வாரம் முழுக்க மண்ணும் பிசினும்தான் கையில் இருக்க வேண்டும்; இரண்டையும் கலந்து வண்ணம் செய்வதுதான் வேலை. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வகுப்பெடுப்பவர்களுக்குச் செம்மண் காலடியிலேயே கிடக்கிறது.

வயல் மண் வேண்டாம். உரத்தின் உப்பு, படம் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்துவிடும். சாலைக்கு வெட்டிய மேட்டுச் சரிவு நல்ல இடம். மேலே ஒரு சாண் மண்ணில் வேரும் சருகும் இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு ஆளுக்கு 2 கிலோ எடுக்கட்டும். பையின் மேல் ஊர், தேதி, ஆழம் மூன்றும் எழுதியாக வேண்டும்.

மண்ணைக் காயவைத்து, இடித்து, சலித்து, கிலோவுக்கு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு நிமிடம் விட்டுக் கலங்கலை மட்டும் பழைய வேட்டித் துணி வழியாக அடுத்த பக்கெட்டுக்கு மாற்றுங்கள். அவசரப்பட்டு உடனே ஊற்றினால் மணலும் சேர்ந்து வந்து தூரிகையில் நறநறக்கும். பத்து நிமிடம் விட்டால் வண்ணத்தில் ஒரு பங்கு மணலோடு அடியில் தங்கிவிடும். இரவு தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, இன்னும் இரண்டு முறை அலசுங்கள். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்காவது மழைத் தண்ணீரோ ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ வேண்டும்.

பிசின் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வேலம் பிசின் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பாதாம் பிசின் வாங்கி வந்துவிட்டால் அது ஊறி ஜிகர்தண்டாவுக்குப் போடுவதுபோல் உப்பி நிற்குமே தவிர கரையாது. பிசின் தூள் ஒரு பங்கு, சுடுதண்ணீர் இரண்டு பங்கு. ஓர் இரவு ஊறியதும் வடிகட்டி, கால் பங்கு தேனும் சில சொட்டு கிராம்புத் தைலமும் சேர்க்க வேண்டும். தைலம் விட்டுப்போனால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடித்து நாறும்.

அலசிய மண்ணை அரைக்க அம்மி சரிப்படாது. கொத்திய குழிகளில் வண்ணம் போய் ஒளிந்துகொள்ளும். பாலிஷ் பட்டறையில் கழித்துப் போட்ட ஓரடிச் சதுர கிரானைட் துண்டு போதும். ஆனால் அந்த வழவழப்பில் எதுவும் அரைபடாது. 220 கிரிட் கார்போரண்டம் தூளும் (கல் தேய்க்கும் கரகரப்பான தூள்) தண்ணீரும் விட்டுப் பளபளப்பு போகும்வரை முதலில் தேய்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடி தட்டையான, கனமான கண்ணாடியால் எட்டு போடுவதுபோல் 15 நிமிடம் அரைக்கலாம்.

இனிதான் பாடம். ஒரே மண், ஐந்து கிண்ணம். ஒவ்வொன்றிலும் மண் 4 தேக்கரண்டி. பிசின் கரைசல் மட்டும் 1, 2, 3, 4, 6 தேக்கரண்டி. பிடிக்கிற அளவுக்குத் தண்ணீர். ஐந்தையும் ஒரே கனத்த தாளில் பட்டை பட்டையாகத் தீட்டி மறுநாள் கட்டை விரலால் தேய்க்கச் சொல்லுங்கள். முதல் பட்டை விரலோடு வந்துவிடும். கடைசிப் பட்டை மினுமினுத்து, தடித்த இடத்தில் வெடித்துச் செதிலாக எழும். நடுவில் எது நிற்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. கரிசல் கலந்த மண் செம்மண்ணைவிட அதிகம் பிசின் கேட்கும், அதிகமும் வெடிக்கும்.

யாராவது ஒருவர் அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அழகாக இருக்கிறது என்பார். உண்மைதான். “இதே வெடிப்பை நாளைக்கு இரண்டடித் தாளில் கொண்டுவா” என்று சொல்லுங்கள். அப்போதுதான் எத்தனை பூச்சு, எவ்வளவு கனம், வெயிலில் காய்ந்ததா மின்விசிறியிலா என்று அவரே நோட்டில் எழுத ஆரம்பிப்பார். இந்த வகுப்பில் நான் எதிர்பார்க்கும் முதல் எழுத்து அதுதான்.

கிரானைட் தூளை வெள்ளை வண்ணமாக்கும் ஆசையும் வரும். உலர்தூளில் சிலிக்கா இருப்பதால் நுரையீரலுக்கு ஆபத்து. என்95 முகக்கவசம் போட்டு, ஈரமாகவே கையாள வேண்டும். பிசினில் கலந்ததும் அந்த வெள்ளை மறைந்து மங்கலான சாம்பல் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஒளி, கல்துகளிலும் பிசினிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளைவதுதான் காரணம். துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால்தான் வெண்மை தெரியும். சுண்ணாம்பு அடிக்கும்போது ஈரத்தில் சுவர் தெரிவதும் காய்ந்தபின் பளிச்சென்று வெளுப்பதும் இதனால்தான். இதைச் சொல்லிவிட்டு, பழங்காலத்தில் பாறையில் வெள்ளையில் தீட்டிய குதிரை வீரர்களைப் பார்க்க, கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிக்கு அழைத்துப் போங்கள். கேள்விகள் தானாக வரும்.

வாரக் கடைசியில் விமர்சன அமர்வு. ஆளுக்கு 15 நிமிடம். முதல் 5 நிமிடம் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். “சூப்பர்” கூடாது, “இது விவசாயியின் வலி” என்பதும் கூடாது. “இடது ஓரம் தூளாக உதிர்கிறது, நடுவில் பளபளக்கிறது” என்றால் சரி. அதன்பின் அமெரிக்கக் கலைஞர் வால்டர் டி மரியாவின் நியூயார்க் மண் அறையைத் திரையில் காட்டுங்கள்: 1977 முதல் ஓர் அறை முழுக்க 56 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெறும் மண். அந்த ‘கான்செப்ட்’ அரைப் பக்கத்தை அன்றைக்கு மாலை எழுதச் சொல்லலாம், மண் பையில் எழுதிய ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கி.