பிளைவுட்டுக்கு வெண்காரப் பூச்சு: இதுவரை பார்த்தது

குசினியில் காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரி வரப்போகிறது. அதற்காக பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) துண்டுகளில் தீத்தடுப்பு இரசாயனங்களைப் பூசிப் பார்த்து வருகிறேன். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் இதற்கு நல்ல வசதி, துண்டுகள் சீக்கிரம் காய்ந்துவிடும்.

முதலில் எடுத்தது வெண்காரமும் போரிக் அமிலமும். ஒரு லீற்றர் சுடுநீரில் ஒவ்வொன்றும் 100 கிராம். வெண்காரம் சுவாலை பரவுவதைக் குறைக்கும், ஆனால் சுவாலை போன பிறகும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். அந்தக் கங்கை அடக்குவது போரிக் அமிலம். சுவாலையைத் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை. அதனால் இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். சேர்த்தால் தண்ணீரில் கரைவதும் கூடுகிறது. கையுறை கட்டாயம் போடுங்கள். சாப்பாடு படுகிற இடத்தில் பூச வேண்டாம்.

காய்ந்த துண்டுகளை முற்றத்தில் நிமிர்த்திக் கட்டி, அடியில் ஸ்பிரிட் விளக்கைப் பிடித்தேன். பூசாத பிளைவுட்டில் தீ மேல்வரை ஏறியது. பூசியதில் சுவாலை பட்ட இடம் கருகியதோடு சரி, விளக்கை எடுத்ததும் அணைந்துவிட்டது. எம்.டி.எஃப்பில் தண்ணீர் பட்டதும் விளிம்பு ஊதி, மேற்பரப்பில் நார் எழும்பிவிட்டது. தண்ணீரில் கரைத்த பூச்சுக்கு அது தோதான பலகை இல்லை என்றே சொல்வேன்.

அப்புறம் உரக்கடையில் கிடைக்கும் டி.ஏ.பி, அதாவது டைஅமோனியம் பொஸ்பேற்று உரம். சூட்டில் இது பொஸ்போரிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் மரத்திலிருந்து நீரைப் பிரித்தெடுப்பதால், எரியும் ஆவி குறைந்து கரி கூடுகிறது. அந்தக் கரிப்படை உள்மரத்துக்குப் போர்வை மாதிரி. விளக்குச் சோதனையில் இதுதான் முதலிடம். ஆனால் 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 82 வீதத்தைத் தாண்டினால் டி.ஏ.பி ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மாரி மழையில் நம்மூர்க் காற்று அதைச் சாதாரணமாகத் தாண்டும். பலகை பிசுபிசுக்கும், திருகாணியும் துருப்பிடிக்கும். ஆகவே அலுமாரிக்கு வெண்காரக் கலவைதான்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வெண்காரம் தண்ணீரில் கழுவுப்பட்டுப் போகும், மேலே பெயின்ற் வேண்டும். எனாமல் தானே எரியும் என்பதால், பூசிய துண்டொன்றில் எனாமலும் இன்னொன்றில் சூட்டில் நுரைத்து உப்பும் தீத்தடுப்புப் பெயின்றும் அடித்து, அதே விளக்கில் காட்டிப் பார்க்கப் போகிறேன். எது சரிவந்தாலும் அடுப்புக்கும் பலகைக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியைக் குறைக்க மாட்டேன்.