கேஎல் – பட்டர்வொர்த் ரயிலில் எந்தப் பானம் எடுத்துப்போவது?

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால், பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் பட்டர்வொர்த் போய்ச் சேர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே வெயிலில் நின்றபோது எது பிடித்ததோ அதையே கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிறோம்: 100 பிளஸ் டின், சார்சி, கிக்காப்பூ என்று கேஸ் அடைத்த இனிப்புப் பானங்கள். ஏறி அரை மணி நேரத்தில் குளிர்சாதனக் குளிரில் கை விறைத்துப்போகும், டின் பாதியோடு நிற்கும். ரயிலுக்குள் வேர்வை இல்லை, நடை இல்லை, நீண்ட நேரம் ஒரே உட்கார்வு. பானத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தச் சின்னம் (பிராண்ட்) நமக்குப் பிடிக்கும் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நம் ஆட்கள் முதலில் தேடுவது 100 பிளஸ் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் 1883இல் தொடங்கியது. நூறாண்டு நிறைவை ஒட்டி 1983இல் வந்ததுதான் இந்தப் பானமும் அதன் பெயரும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்த உப்புச்சத்துப் பானம் இது, வேர்வையில் போனதை ஈடுகட்டுவதுதான் இதன் வேலை. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளை ஏறி இறங்கியவருக்கும், பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடியோடு நடந்தவருக்கும் இதைவிடப் பொருத்தமான டின் கிடையாது. அப்படி வேர்த்துவிட்டு நேரே ரயில் ஏறுகிறீர்கள் என்றால் தாராளமாகக் குடியுங்கள். வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கி, குளிர்ந்த பெட்டியில் சும்மா உட்காரப் போகிறவருக்கு அதில் மிஞ்சுவது சர்க்கரையும் உப்பும்தான். அவருக்குத் தண்ணீரே போதும்.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு ரயிலில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வேர்வை, படபடப்பு தெரிந்தால் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. இதற்காகப் பையில் ஓர் இனிப்புப் பானம் வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் எந்த இனிப்புப் பானமானாலும் அரை டின் போதும் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள சுவைபானங்களுக்கு இங்கே வரி உண்டு. லிட்டருக்கு 40 சென்னில் தொடங்கிய அந்த வரி பிறகு கூடியிருக்கிறது. அந்த வரம்புக்குள் அடங்குவதற்காகப் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். 100 மில்லிக்கு 10 கிராம் இருந்த பானத்தில் 150 மில்லி குடித்தால் 15 கிராம் கிடைத்துவிடும். 5 கிராம் உள்ளதில் 300 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஒரு 320 மில்லி டின் முழுவதும் குடிக்க வேண்டும். ‘ஸீரோ’ என்று போட்டிருப்பது அந்த நேரத்தில் துளியும் உதவாது. ஆகவே சின்னத்தின் பெயரை நம்பாமல், டின்னின் பக்கவாட்டில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களைத் தனியாக ரயில் ஏற்றி அனுப்புகிறவர்கள் அளவைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.

கேஸ் உள்ள பானங்களுக்கு வருவோம். ரயில் ஆட்டத்தால் டின் பொங்குவதில்லை. இடிஎஸ் ஓட்டம் அவ்வளவு சீரானது. பிளாட்பாரத்தில் பையை உருட்டி வந்தது, மேல்தட்டில் தூக்கிப் போட்டது, இவைதான் காரணம். இருக்கைக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டால் குமிழிகள் அடங்கும். போத்தலாக இருந்தால் மூடியைக் கால் திருகு திருகி, சீறல் நின்ற பிறகு மீதியைத் திறக்கலாம். டின்னை மறுபடி மூட முடியாது என்பதால் ரயிலுக்குப் போத்தல்தான் நல்லது. சூடு ஏற ஏறக் கேஸ் நீரில் தங்காது. ஐஸ்பெட்டிக் குளிரில் கரைந்திருப்பதில் ஏறக்குறைய பாதிதான் 25 டிகிரியில் கரைந்து நிற்கும், மீதி மூடியைத் திறந்ததும் வெளியேறப் பார்க்கும். சார்சியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கல் ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் இடமாகி நுரை ஒரே நொடியில் பொங்கிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் சட்டைக்கு யார் பதில் சொல்வது?

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் தேர்வு சிறிய பெட்டிப் பானம்: சோயா, செவ்வந்திப்பூத் தேநீர், மைலோ. கேஸ் இல்லை, கவிழ்ந்தாலும் அதிகம் கொட்டாது. ஸ்ட்ராவைக் குத்தும்போது குழந்தை பெட்டியை வயிற்றில் அமுக்கிப் பிடிப்பதால்தான் பீய்ச்சி அடிக்கிறது. மேலே மடிந்திருக்கும் இரண்டு காதுகளையும் விரித்து, அவற்றைப் பிடித்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) நடந்துகொண்டே குடிப்பதற்கானது. ரயிலில் அதைக் கீழே வைக்க வழியில்லை, நான்கு மணி நேரமும் கையில் பிடித்திருக்கவும் முடியாது. ஐஸ் போட்டிருந்தால் பாதி வழியில் வெறும் பால்தண்ணீர். சூடான தேநீர்தான் அந்தக் குளிருக்கு ஏற்றது, அதை ஃபிளாஸ்க்கில் வாங்குங்கள். கிளம்புமுன் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, பிறகு தேநீர் ஊற்ற வேண்டும். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மூடியை இறுக்கும்போது வழியும். பால் சேர்ந்தது என்பதால் பட்டர்வொர்த் வருமுன் தீர்த்துவிடுவது நல்லது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவாவிட்டால் அடுத்த பயணத்தில் புளித்த வாடை வரும்.

தண்ணீர் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். இயற்கைக் கனிமநீரா, சுத்திகரித்த குடிநீரா என்று அதில் இருக்கும். தாகத்துக்கு இரண்டும் ஒன்றே, விலை மட்டும் வேறு. நீங்கள் வாங்கியது ஸ்பிரிட்சர் கனிமநீர் என்றால், அது ஊறும் தைப்பிங் வழியாகத்தான் ரயிலும் போகிறது. வீட்டிலேயே உறைய வைத்து எடுத்துப்போக நினைத்தால் போத்தலில் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கேஸ் டின்னை மட்டும் உறைய வைக்கவே கூடாது, வெடித்துவிடும்.

பினாங்கிலிருந்து திரும்பும்போது ஜாதிக்காய்ச் சாறு வாங்காமல் வர மனம் வராது. வழியில் குடிக்க வேண்டுமானால் ஐஸ் இல்லாமல் உங்கள் போத்தலில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கெட்டிச்சாறு வாங்கினால் அது பெரும்பாலும் கண்ணாடிப் போத்தலில் வரும். துண்டில் சுற்றி, நிமிர்த்தி, காலடியில் வையுங்கள். மேல்தட்டு வேண்டாம்.

ரயிலிலேயே கஃபே பெட்டி இருக்கிறது, சூடான பானமும் சுவைபானமும் கிடைக்கும். ஆனால் அதை மட்டுமே நம்பி ஏறாதீர்கள். பண்டிகைக் கூட்டத்தில் நீங்கள் விரும்பியது தீர்ந்திருக்கலாம். ஈப்போவில் இறங்கி வாங்கிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம், ரயில் நிற்பது மிகக் குறைந்த நேரம். கேஎல் சென்ட்ரலுக்கு எல்ஆர்டி நகர ரயிலில் வருகிறவர்கள் வாங்கியதை மூடியே வைத்திருங்கள், அதற்குள் குடிக்க அனுமதி இல்லை.