வெனிஸ் நகரமே நேர்ந்துகொண்ட மாதா கோயில்

வெனிஸுக்குப் போகிறவர்களில் பலர் சான் மார்கோ சதுக்கத்தின் பக்கம் நின்று, பெருங்கால்வாய்க்கு எதிரே தெரியும் அந்தக் குவிமாடத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சாந்தா மரியா தெல்லா சலூத்தே, அதாவது நம் ஆரோக்கிய மாதா. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போய் வளர்ந்த எனக்கு, எதிர்க்கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. நவம்பர் 21, திருவிழா அன்றே போனேன்.

1630-இல் வந்த கொள்ளைநோய் இந்த நகரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கொண்டுபோனது. அந்த அக்டோபரில் செனட் சபை மாதாவுக்கு நேர்ந்துகொண்டது: நோயிலிருந்து காத்தால் ஒரு கோயில், ஆண்டுதோறும் பவனி. நாமெல்லாம் வேண்டுதல் பலித்த பிறகுதான் நேர்ச்சை செலுத்துவோம். இவர்களோ நோய் நீங்கும் முன்பே, 1631 வசந்தத்தில் அடிக்கல் நாட்டிவிட்டார்கள். அந்த விசுவாசம்தான் என்னை அசைத்தது. கல்லை வைத்த நகரத் தலைவர் நிக்கோலோ கொந்தாரினி அதே வசந்தத்தில் இறந்துபோனார்.

வரைபடம் பால்தஸாரே லொங்கேனாவுடையது. போட்டியில் தேர்வானபோது முப்பதுகளில் இருந்த மனிதர். மாதாவுக்கான கோயில் என்பதால் மணிமுடி வடிவில் நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் முடி சூட்ட வேண்டிய தரை சேறு! பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகளை அடித்து இறக்கி, அதன்மேல்தான் எண்கோண வடிவக் கோயிலை எழுப்பினார்கள் என்கிறார்கள். காற்றுப் படாத சேற்றில் மரம் எளிதில் மக்குவதில்லை. பாரத்தைக் குறைக்கவும் வழி பார்த்திருக்கிறார்கள். வெளியே தெரியும் பெரிய குவிமாடம் மரச்சட்டத்தின் மேல் ஈயத்தகடு. உள்ளே தெரிவது வேறொரு குவிமாடம். வெண்கல் என்று நாம் நினைக்கும் சுவர்களில் ஒரு பகுதி, பளிங்குத்தூள் சாந்து பூசிய செங்கல்தான். குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் நிற்கும் பிரம்மாண்டமான சுருள்களை ஊர்க்காரர்கள் ‘பெரிய காதுகள்’ என்கிறார்கள். குவிமாடம் வெளிப்பக்கம் தள்ளும் விசைக்கு முட்டுக்கொடுக்கிற வேலையை, அலங்காரம் மாதிரி காட்டிவிட்டார் மனிதர்.

உள்ளே போனால் பரோக் எனும் அந்தக் காலக் கலைபாணியின் ஆடம்பரம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுவரும்தான். மேலே சன்னல்கள் வழியாக வெளிச்சம் கொட்டுகிறது. எட்டுத் தூண்களைச் சுற்றி ஒரு நடைபாதை ஓடுகிறது. பவனி சுற்றிவர அதைவிட என்ன வேண்டும்? வாசலில் நின்றால் வளைவுக்குள் வளைவாக நடுப்பீடம் நேராகத் தெரியும். அந்தப் பீடத்தில் ஜூஸ்தோ லெ கோர்த் செதுக்கிய சிற்பக் கூட்டம் இருக்கிறது: ஒரு பக்கம் வெனிஸ் ஒரு பெண்ணாக முழந்தாளிட்டு வேண்டுகிறாள், இன்னொரு பக்கம் கொள்ளைநோய் ஒரு கிழவியாக ஓட, குட்டி வானதூதர் ஒருவர் தீப்பந்தத்தோடு விரட்டுகிறார். பயத்தை இவ்வளவு வெளிப்படையாகப் பீடத்தில் வைத்த கோயிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிற்பத்தின் கீழே இருக்கும் மாதா படம் பைசாந்திய மரபில் வரைந்தது. கிரீட் தீவின் கந்தியா நகரம் துருக்கியர் வசமானபோது அங்கிருந்து கொண்டுவந்தது. ஜெபமாலையை எடுத்தது அதன் முன்னால்தான்.

லொங்கேனா 1682-இல் இறந்தார். கோயிலை அர்ச்சித்து வழிபாட்டுக்குத் திறந்தது 1687-இல். வாழ்நாளில் பாதிக்கு மேல் இதற்கே கொடுத்தவருக்கு அந்த நாள் கிடைக்கவில்லை.

திருவிழாவுக்காகப் பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். கையில் மெழுகுவர்த்தியோடு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, சனம் மெதுவாக நகர்கிறது. கோயிலுக்கு வெளியே பலூன், மிட்டாய்க் கடைகள். அப்புறம் காஸ்த்ராதீனா: உப்பிட்டு உலர்த்திய ஆட்டுக்கறியை முட்டைக்கோஸோடு வேகவைத்த சூப். எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.

திருவிழாக் கூட்டத்தில் தரையைப் பார்க்க முடியாது. வண்ணப் பளிங்கு வட்டங்களையும் நடுவில் ரோஜா மலர் வளையத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாள் ஒன்றில் காலையில் போங்கள். அப்படியே குருக்கள் பூசைக்குத் தயாராகும் அறையான சக்ரீஸ்துக்குள்ளும் நுழைந்துவிடுங்கள். தீத்சியன் வரைந்த புனித மாற்கு ஓவியம் அங்கே இருக்கிறது. காலடியில் கொள்ளைநோய்க் காலத்தில் வேண்டிக்கொள்ளும் புனிதர்கள் செபஸ்தியார், ரோக், மருத்துவர்களான கோஸ்மாஸ், தமியான். அதுவும் கொள்ளைநோய்க்காக நேர்ந்துகொண்டதுதான், இந்தக் கோயிலுக்கு நூறு ஆண்டுக்கும் முந்தையது.